யாருக்காக ஒலிபரப்பு? ஐரிஷ் மொழி வானொலி ஒன்றின் நிகழ்ச்சித் திட்டமும் நம்முன் உள்ள கேள்விகளும்



சிறுபான்மை மொழியில் இயங்கும் பொது ஒலிபரப்பு நிலையம் ஒன்று தன் நிகழ்ச்சிகளை எவ்வாறு வகுத்துக்கொள்கிறது, தன் மக்களோடு எவ்வாறு உறவு பேணுகிறது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். சிங்கப்பூரில் இருந்துகொண்டு நம் தமிழ் வானொலியைப் பற்றியே பேசலாமே என்று தோன்றும். அதற்கும் வருவோம். நம் வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பாசமும் மனத்தாங்கலும் முந்திக்கொள்ளும். வேறொரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தால் கண் சற்றுத் தெளிந்திருக்கும். ஆகவே அயர்லாந்துக்குச் செல்வோம்.

அயர்லாந்தின் முதல் ஆட்சிமொழி ஐரிஷ். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்மொழியைப் பேசத் தெரியும் என்று கூறியவர்கள் 1.8 மில்லியனுக்கும் மேற்பட்டோர். பள்ளிக்கு வெளியே அதனை நாள்தோறும் பேசுவோர் ஏறத்தாழ 72,000 பேர் மட்டுமே. அவர்களுள்ளும், ஐரிஷ் வழிவழியாக வழங்கிவரும் ஊர்ப்பகுதிகளில் வாழ்வோர் ஏறத்தாழ 20,000 பேர். அப்பகுதிகள் 'கேல்தாக்த்' எனப்படும். இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வானொலிக்கு நிகழ்ச்சி நிரல் எழுதச் சொன்னால் எவரும் திகைப்பர். பள்ளியில் படித்து அரைகுறையாக நினைவு வைத்திருக்கும் பெருந்தொகையினரை நோக்கிப் பேசுவதா, அம்மொழியிலேயே வாழும் சிறு தொகையினரை நோக்கிப் பேசுவதா?

'ராடியோ ந கேல்தாக்தா' இரண்டாவது வழியைத் தேர்ந்தது. அதற்கு ஒரு முன்கதை உண்டு. 1960களின் இறுதியில் கேல்தாக்த் இளைஞர்கள் தங்கள் ஊர்களுக்கு வேலையும் வசதியும் உரிமையும் கேட்டுப் போராட்டம் தொடங்கினர். அவ்வியக்கத்தைச் சேர்ந்தவர்கள் கானமாராவில் உரிமம் பெறாத வானொலி ஒன்றைச் சில நாள்கள் நடத்திக் காட்டினர். தங்கள் மொழியில் வானொலி நடத்துவது இயலும் என்பதற்கு அதுவே சான்றாயிற்று. பின்னர் 1972 ஏப்ரல் 2, ஈஸ்டர் ஞாயிறன்று, தேசிய ஒலிபரப்பு நிறுவனத்தின் ஓர் அங்கமாக இந்நிலையம் பிறந்தது. தலைமையகம் தலைநகரான டப்ளினில் அமையவில்லை; கானமாராவில் காஸ்லா என்னும் சிற்றூரில் அமைந்தது. வடமேற்கே டோனிகாலிலும் தென்மேற்கே கெர்ரியிலும் கிளை நிலையங்கள். முதலில் பணியில் சேர்ந்த சிலருள் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்கள். தொடக்கத்தில் நாளொன்றுக்கு மூன்று மணி நேர ஒலிபரப்பு மட்டுமே.

அந்நிலையத்தின் நிகழ்ச்சிகளுள் நம் கவனத்தை மிகவும் ஈர்ப்பது, வட்டாரச் செய்திகளோடு வாசிக்கப்படும் இறப்பு அறிவிப்பு. இறந்தவரின் பெயர், ஊர், தேவாலய வழிபாட்டின் நேரம், இடுகாடு ஆகியவற்றை அறிவிப்பாளர் நிதானமாக வாசிப்பார். நகரத்து நிகழ்ச்சி அமைப்பாளர் இதைக் கேட்டால் நெற்றியைச் சுருக்கக்கூடும். இதில் விளம்பர வருவாயும் இல்லை, இளையோரை இழுக்கும் கவர்ச்சியும் இல்லை. ஆயினும் மொழியியல் நோக்கில் இதற்கு இணையான நிகழ்ச்சி அரிது என்பது நம் கருத்து. மூன்று ஊர் தள்ளி நடக்கும் நல்லடக்கத்துக்குச் செல்ல வேண்டியவர், புறப்பட வேண்டிய நேரத்தை ஐரிஷ் மொழியில் கேட்டே அறிந்துகொள்கிறார். மொழியைக் காக்கிறோம் என்ற எண்ணம் அவ்வேளையில் அவர் மனத்தில் எழுவதேயில்லை. அவருக்குத் தேவையான செய்தி அம்மொழியில் இருக்கிறது, அதனால் கேட்கிறார். உள்ளூர்க் கால்பந்து ஆட்டத்தின் நேர்முக வருணனையும் ஞாயிறு வழிபாட்டின் ஒலிபரப்பும் இவ்வகையைச் சேர்ந்தவையே. (நம்மூரில் தமிழ் முரசைக் கையில் எடுத்ததும் நினைவஞ்சலி விளம்பரங்களை முதலில் தேடுவோர் உண்டு என்பதை இங்குள்ள மூத்தோர் மறுக்கமாட்டார்கள்.)

அடுத்து, வட்டார வழக்குகள். ஐரிஷ் மொழிக்கு 1958இல் அதிகாரபூர்வ எழுத்துத் தரம் வகுக்கப்பட்டது. பேச்சோ மூன்று பெருங்கிளைகளாகவே நிற்கிறது. 'எப்படி இருக்கிறீர்கள்' என்பதனைக் கெர்ரியில் 'கொனஸ் தா தூ' என்பர். கானமாராவில் 'கே ஹீ வில் தூ' என்பர். டோனிகாலிலோ 'கஜே மர் அதா தூ'. இம்மூன்றனுள் எது வானொலிக்குரிய ஐரிஷ்? அந்நிலையம் இக்கேள்விக்கு விடை சொல்லாமலே காரியத்தை முடித்தது. வார நாள்களில் ஒவ்வொரு வட்டாரமும் தனக்கென ஒரு நிகழ்ச்சியைத் தன் நிலையத்திலிருந்து தன் வழக்கிலேயே வழங்கும். கானமாராவின் 'இரிஷ் அனீர்', டோனிகாலின் 'பார்ஷ்கேல்தா', தெற்கின் 'அன் சீல் ஓ யாஸ்' ஆகியன அவை. மூன்றும் நாடு முழுவதும் ஒலிக்கும். கெர்ரியின் மீனவர் டோனிகால் பேச்சை ஊரில் கேட்க வழியில்லை. வானொலியில் நாள்தோறும் கேட்கிறார். வழக்குகள் கலந்து ஒன்றாகிவிடவில்லை, காதுகள் பழகிக்கொண்டன. தரப்படுத்தம் பற்றி நாம் வகுப்பறையில் ஆண்டுக்கணக்கில் விளக்கியவற்றைவிட இது நல்ல பாடம்.

இவ்வழிக்கு விலையும் உண்டு. ஆங்கில வரிகள் கொண்ட பாடல்களை ஒலிபரப்புவதில்லை என்ற கொள்கையை அந்நிலையம் நெடுங்காலம் கடைப்பிடித்தது. 2005இல்தான், இளையோருக்கான இரவு நிகழ்ச்சியொன்றில் அத்தடை தளர்த்தப்பட்டது. தளர்த்தாவிட்டால் இளையோர் அகன்றுவிடுவர் என்பது ஒரு கட்சி. ஆங்கிலம் நுழையாத ஒரே இடத்தையும் ஏன் திறந்துவிட வேண்டும் என்பது மறு கட்சி. இரண்டாம் கட்சியின்பால் நமக்குச் சாய்வு உண்டு. எனினும் பதினாறு வயதினரின் இரவு நேரம் கிழவர்களின் சாய்வைக் கேட்டு நடப்பதில்லை. 1996இல் தொடங்கிய ஐரிஷ் தொலைக்காட்சியோ ஆங்கிலத் துணைவரிகளோடு நாடு முழுவதையும் நோக்கிப் பேசியது. கற்போருக்குத் தொலைக்காட்சி, வாழ்வோருக்கு வானொலி என்று ஒருவகைப் பங்கீடு தானாகவே அமைந்துவிட்டது.

இனி நம் வீட்டுக்குத் திரும்புவோம். வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்று கூறியோர் விகிதம் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. முழுநேரத் தமிழ் வானொலியும், 2008 முதல் வசந்தம் என்னும் தனி ஒளிவழியும் நமக்கு உண்டு. இந்த எண்ணிக்கையுள்ள சமூகத்துக்கு இது சிறிய வாய்ப்பன்று. 2005இல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, பேச்சுத்தமிழுக்குப் பள்ளியில் இடமளிக்க வேண்டுமென்று பரிந்துரைத்தது. அன்றிலிருந்து ஒலிபரப்பின் பொறுப்பும் மாறிவிட்டது. நல்ல பேச்சுத்தமிழ் எப்படியிருக்கும் என்று ஒரு மாணவன் கேட்டால், வீட்டில் தமிழ் ஒலிக்காத நிலையில், ஆசிரியர் அவனுக்குச் சுட்டிக்காட்டக்கூடிய இடம் எது? வானொலியும் தொலைக்காட்சியும்தான். காலை நிகழ்ச்சியை வழங்கும் இளம் அறிவிப்பாளர், தாம் அறிந்தோ அறியாமலோ, ஒரு பாடநூலைப் பேசிக்கொண்டிருக்கிறார்.

அப்பாடநூல் யாருடைய பேச்சு? சென்னைத் திரைப்படத்தின் பேச்சா, நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பேச்சா? 'பசியாறிட்டீங்களா?' என்று காலையில் கேட்பது இவ்வட்டாரத் தமிழரின் வழக்கு. தமிழகத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர், இத்தனை அழகான சொல்லை நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று நம்மை வினவியதுண்டு. இச்சொல் ஒலிவாங்கிக்கு முன்னால் கூச்சப்பட வேண்டியதில்லை. அறிவிப்பாளர் பயிற்சியில் உச்சரிப்புக்கும் ழகர லகர வேறுபாட்டுக்கும் நேரம் ஒதுக்குவது போல இவ்வழக்குகளுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை.

மற்றொன்று. ஐரிஷ் வானொலி 1972 முதல் பதிவு செய்தவை இன்று பெரும் ஒலிக்கருவூலமாக நிற்கின்றன. அவ்வாண்டில் எண்பது வயதில் பேசியவர் 1892இல் பிறந்தவர்; அவரது உயிரொலியை இன்றைய ஆய்வாளர் கேட்டு அளக்கலாம். நம் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979இல் தொடங்கப்பட்டது. அங்கே தமிழிலும் நேர்காணல்கள் உள்ளன. வாரத்துக்கு ஒருமுறை, அவற்றிலிருந்து பத்து நிமிடம், முன்னுரையும் பின்னணி இசையும் இன்றி வானொலியில் ஒலிக்கட்டும். பேசியவரின் பேரப்பிள்ளைகள் எங்கேனும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களையே அடுத்த வாரம் நிலையத்துக்கு அழைக்கலாம்.