தாராவியும் பருவக் காய்கறியும்

பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள் பலவற்றை மறந்தாலும் நாவின் பழக்கத்தை மறப்பதில்லை. மும்பையில் குடியேறிய தமிழரே இதற்குத் தக்க சான்று. மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழையிலையும் முருங்கைக்காயும் வாழைப்பூவும் புடலங்காயும் கிடைக்கின்றன என்றால், அவற்றைக் கேட்டு வாங்கும் நம்மவர் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருவதே காரணம். பொங்கல் நெருங்கினால் தாராவியில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வந்து குவிகின்றன. நெல்லைச் சீமைக் குடும்பங்கள் சிறுகிழங்கையும் பனங்கிழங்கையும் தேடி வாங்குகின்றன.

இவை வேண்டியவையே. ஆயினும் பல நூறு மைல் கடந்து வரும் காய் வாடியும் வருகிறது, விலை ஏறியும் வருகிறது. நாம் குடியிருக்கும் மண் எந்தப் பருவத்தில் எதைத் தருகிறது என்பதையும் அறிந்துகொள்வோமாயின், நமது மடிக்கும் நன்மை, உடலுக்கும் நன்மை.

முதலில் மழைக்காலத்தைப் பார்ப்போம். தாணா, பால்கர், ராய்கட் ஆகிய மாவட்டங்களின் மலைப்புறங்களில் வாழும் பழங்குடிப் பெண்கள், முதல் மழை பெய்ததும் காட்டுக் கீரைகளைப் பறித்து, ரயிலேறி, தாதர் முதலிய இடங்களில் நடைபாதையில் பரப்பி விற்கிறார்கள். அவர்கள் ‘டாக்ளா’ என்று கூறுவது நம் ஊர் வேலியோரங்களில் முளைக்கும் தகரையே. ‘கர்டோலி’ என்பது பழுபாகல். சேனையின் இனத்தைச் சேர்ந்த ‘ஷேவ்ளா’ சில வாரங்களே கிடைக்கும். அது தொண்டையில் நமைச்சல் உண்டாக்கும் இயல்புடையது. ஆகவே விற்கும் பெண்ணே ‘காகட்’ என்னும் புளிப்புக் காயையும் உடன் தந்து, இரண்டையும் சேர்த்துச் சமைக்கும்படி சொல்லி அனுப்புகிறாள். இத்தகைய அறிவுரையுடன் சரக்கை விற்கும் கடை வேறு எங்கே உண்டு?

குளிர்காலம் வந்தால் கீரைகளின் காலம். வெந்தயக்கீரை மலிந்து வரும். ‘சாக்வத்’ என்று கூவி விற்பது நமது சக்கரவர்த்திக்கீரை. ‘அம்பாடி’ என்பது புளிச்சகீரை. அவரையும் மொச்சையும் சர்க்கரைவள்ளியும் அப்பொழுதுதான் சுவையின் உச்சத்தில் இருக்கின்றன. பெயர் வேறாயினும் பொருள் ஒன்று என்பதற்கு மற்றோர் அழகிய உதாரணம் உண்டு. சங்கராந்திக்கு முந்தைய நாளை மராட்டியரும் போகி என்றே அழைக்கிறார்கள். அன்று அவரை, கத்தரி, பச்சைக் கொண்டைக்கடலை, நிலக்கடலை முதலியவற்றை எள்ளுடன் சேர்த்துக் கூட்டாக்கி, எள் தூவிய கம்பு ரொட்டியுடன் உண்கிறார்கள். பொங்கலுக்குப் பல காய் சேர்த்துக் குழம்பு வைக்கும் நமக்கு இது அந்நியமாகத் தோன்றுமா? அறுவடைக் காலத்தில் நிலம் தருவதை ஒரே சட்டியில் இட்டு உண்பது இரு சாராருக்கும் பொதுவான மரபு.

மீனுக்கும் பருவம் உண்டு. தாராவியே முற்காலத்தில் கோளி மீனவரின் சிற்றூர்; அவர்களது கோளிவாடா இன்றும் அங்கு இருக்கிறது. மகாராஷ்டிரக் கடலில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையிலோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஊர்ப் பழக்கத்தை எண்ணி ஜூலையில் பெரிய மீனைத் தேடுவோர், அதிக விலை கொடுத்துப் பனிக்கட்டியில் கிடந்ததையே வாங்க நேரும். அம்மாதங்களில் கருவாடே உசிதம்.

இனி, விளைவித்தவனுக்கு என்ன கிடைக்கிறது என்று நோக்குவோம். நாசிக்கிலோ ஜுன்னரிலோ விளையும் காய், வாஷியிலுள்ள மொத்த மண்டிக்கு வந்து, தரகர் கையும் மொத்த வியாபாரி கையும் மாறி, பிறகே தெருக்கடையை அடைகிறது. ஒவ்வொரு கையிலும் விலை ஏறுகிறது. காத்திருக்கும் ஒவ்வொரு மணியிலும் கீரை வாடுகிறது. இதை மாற்றும் பொருட்டே 1999 நவம்பர் 14ஆம் நாள் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. மும்பையில் 2010ஆம் ஆண்டு பாந்திராவில் ஞாயிறுதோறும் இயற்கை வேளாண் பொருள்களுக்கான சந்தை ஒன்று தொடங்கிற்று. 2016இல் மாநில அரசு காய்கனிகளை மண்டிக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்து, விவசாயிகளின் வாரச்சந்தைகளுக்கு வழி செய்தது.

பாந்திரா தாராவிக்கு அருகில்தான் இருக்கிறது. ஆனால் அச்சந்தையின் விலை, நாட்கூலி பெறுவோர் கைக்கு எட்டுவதன்று. தாராவியின் உண்மையான உழவர் சந்தை, காலையில் தலைச்சுமையுடன் வந்து, தரையில் சாக்கு விரித்து அமரும் அந்தப் பெண்ணேயாவாள். நாம் ‘கூறு’ என்பதை அவள் ‘வாட்டா’ என்பாள். ‘கட்டு’ என்பதை ‘ஜூடி’ என்பாள். இவ்விரு சொற்களையும் கற்றுக்கொண்டால் பேரம் எளிதாகிறது. கீரையைக் காலையிலேயே வாங்குவது நலம். வெண்டையின் நுனி ஒடிய வேண்டும். முருங்கைக்காய் முறுக்கினால் வளைய வேண்டும். 2018 முதல் மகாராஷ்டிரத்தில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால், துணிப்பை கையோடிருத்தல் அவசியம்.

மற்றொன்றையும் நாம் சிந்திக்கவேண்டும். தாராவியைப் புதுப்பித்துக் கட்டும் பெருந்திட்டம் நடைபெற்று வருகிறது. வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை என்று கணக்கெடுக்கும்போது, சாக்கு விரித்து விற்பவளுக்கு எந்த இடம்? 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர வியாபாரக் குழுவில் குறைந்தது நூற்றுக்கு 40 பேர் வியாபாரிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்கவேண்டும் என விதிக்கிறது. எனினும் ஆண்டில் மூன்று மாதம் மட்டுமே வந்து தகரையும் பழுபாகலும் விற்பவள் கணக்கெடுப்பில் விடுபட்டுப்போவது மிக எளிது. அவள் வராமற்போனால் நட்டம் அவளுக்கு மட்டுமன்று. மாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்த பின்பு, குறைந்த விலைக்குப் பசுங்கீரை தேடும் நமக்கும் அது நட்டமே. ஆகவே குடியிருப்போர் கூடிப் பேசும் இடங்களில், தண்ணீரையும் வெளிச்சத்தையும் கேட்பதுபோலவே, சந்தைக்கு ஒரு திடலையும் நாம் கேட்டுப் பெறவேண்டும்.