அறையை அளந்து ஏ.சி. வாங்குவோம்



நம் பெங்களூரைக் குளிர்ந்த ஊர் என்பார்கள். ஆனால் 2016 ஏப்ரலில் இங்கே வெயில் 39.2 டிகிரியைத் தொட்டது. இப்போது கடன் வாங்கியாவது ஏ.சி. வாங்குகிறோம். எந்த அளவு வாங்குவது?

ஏ.சி.யில் 1 டன், 1.5 டன் என்று எழுதியிருக்கும். அது பெட்டியின் எடை அல்ல. ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அவ்வளவு வெப்பத்தை 1 டன் ஏ.சி. ஒரு நாளில் வெளியேற்றும்.

முதலில் அறையை அளப்போம். நீளம் 12 அடி, அகலம் 10 அடி. பெருக்குங்கள். 120 சதுர அடி. இதற்குப் பொதுவாக 1 டன் போதும். மொட்டைமாடிக்குக் கீழே வெயில் காயும் அறையா? கூடுதலாக வேண்டியிருக்கும்.

சிறியதை வாங்கினால் ஓயாமல் ஓடும், அறை குளிராது. மிகப் பெரியதை வாங்கினால் சீக்கிரம் குளிர்ந்து நின்றுவிடும். காற்றின் ஈரம் போகாது. பணமும் வீண்.

நட்சத்திரச் சீட்டையும் படியுங்கள். ஒரே அளவு ஏ.சி.யில் நட்சத்திரம் கூடினால் மின்செலவு குறையும்.

"பெரியதே நல்லது" என்று கடைக்காரர் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். உங்கள் கணக்கை எடுத்துக் காட்டுங்கள். படிக்கவும் பெருக்கவும் கற்றுக்கொண்டோமே, அது இதற்குத்தான்!