நோட்டின் பின்பக்கம்

விடைத்தாள் திருத்திக் கை ஓய்ந்த நமக்கு டோல்கீன் அந்நியர் அல்லர். ஆக்ஸ்போர்டு பேராசிரியராக இருந்தும், குடும்பச் செலவுக்காகக் கோடையில் பள்ளித் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தியவர். ஒரு மாணவர் எழுதாமல் விட்ட பக்கத்தில், பொந்தில் வாழும் ஹாபிட் பற்றி ஒரு வரி எழுதினார். ஹாபிட் என்றால் என்னவென்று அவருக்கே அப்போது தெரியாது! அதுதான் 1937இல் 'தி ஹாபிட்' நாவலாக வந்தது. போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில், அடுத்த நாவலைப் பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்திலும் எழுதினார்.

வகுப்பில் அவர் நடத்தியது பழைய ஆங்கிலக் காப்பியமான பேவுல்ஃப். அதில் வரும் டிராகனும் களவுபோன கிண்ணமும் 'ஹாபிட்'டிலும் உண்டு. பின்னிஷ் மொழியின் ஓசையில் மயங்கித் தாமே ஒரு மொழியை உருவாக்கினார். மொழி முதலில், அதைப் பேசுவோரின் கதை பிறகு.

இதைப் படித்தபோது எனக்கு உறுத்தியது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் புது எழுத்துகளை உருவாக்கி ஏதோ எழுதியிருந்தாள். நோட்டை வீணாக்குகிறாள் என்று கிழிக்கச் சொன்னேன். கிழித்தாள். என்ன எழுதினாய் என்று நான் கேட்கவே இல்லை.

இப்போதெல்லாம் கடைசிப் பக்கத்தையும் புரட்டுகிறேன். பெரும்பாலும் கிரிக்கெட் ஸ்கோர்தான் இருக்கிறது.