மனோதர்ம அபிநயப் பயிற்சி
(நமது சங்க மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம் இசை வேளாளர் குலச் சிறுமியர்க்குச் சங்கத்தின் சார்பில் பரத வகுப்பு ஒன்று தொடங்குதல் வேண்டும் என்னும் பேச்சு எழுந்துள்ளது. எழுந்தது நன்றே. ஆயின், எங்ஙனம் கற்பிப்பது என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும். உருப்படிகளை மனப்பாடம் செய்வித்து மேடையேற்றும் வகுப்புகள் ஊர்தோறும் உள. அவற்றோடு இன்னும் ஒன்றைச் சேர்ப்பதற்குச் சங்கப் பணம் வேண்டுவதில்லை.

அடவும் தீர்மானமும் குரு காட்டியவாறே ஆடத் தக்கவை. அங்கே பிள்ளையின் கற்பனைக்கு இடமில்லை; இருத்தலும் ஆகாது. அபிநயமோ அத்தன்மையதன்று. பதத்தின் ஓரடியைப் பாடுவோர் மீண்டும் மீண்டும் பாட, ஆடுபவள் அதன் பொருளை ஒவ்வொரு முறையும் வெவ்வேறாக விரித்துக் காட்டுவாள். இதனையே சஞ்சாரி என்பர். நாகசுரக்காரர் வீட்டில் பிறந்த நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? தோடி ஆலாபனத்தை வரி வரியாக ஒப்புவிக்கச் செய்தா கற்பித்தார்கள்? பிள்ளை குருவின் பக்கத்திலிருந்து ஒத்து ஊதி, கேட்டுக் கேட்டுப் பின் தானே தேடிக் கொண்டான்.

1918-ல் பிறந்து 1925-ல் காஞ்சியில் அரங்கேறிய ஸ்ரீமதி பாலசரஸ்வதி அம்மையார், நட்டுவனார் கந்தப்பப் பிள்ளையின் கண்டிப்பில் அடவு பழகியவர். மயிலாப்பூர் கௌரி அம்மாள் அபிநயம் கற்பித்தார். வேதாந்தம் லக்ஷ்மிநாராயண சாஸ்திரியாரிடம் வர்ணத்தின் அடிகளை உடனுக்குடன் விரிக்கும் பயிற்சியும் பெற்றார். இவை யாவற்றுக்கும் முன்னே, பாட்டி வீணை தனம்மாளும் தாய் ஜயம்மாளும் இருந்த வீட்டில் சங்கீதம் அவர் காதில் நிறைந்திருந்தது. தாமே பாடிக்கொண்டு அபிநயிப்பார். பாட்டு உள்ளே இல்லாதவர்க்கு மனோதர்மம் கைகூடுவது அரிது.

1947-ம் ஆண்டுச் சட்டம் பொட்டுக் கட்டுதலையும் கோயிலில் ஆடுதலையும் விலக்கியது. அது நம் பெண்மக்களுக்கு நன்மையே. ஆனால் அவமானத்துக்கு அஞ்சி, சட்டம் விலக்காத வித்தையையும் நம்மிற் பல வீட்டார் தாமே விலக்கிக் கொண்டனர். பாட்டி அறிந்த பதத்தைப் பேத்தி கேட்டதும் இல்லை.

இனிப் பயிற்சியைக் கூறுவோம். கண்ணனைத் தாய் அழைக்கும் ஓரடியை எடுத்துக் கொள்க. பிள்ளைகள் முதலில் அதனை ராகமும் தாளமும் பிசகாது பாடட்டும். சொல்லுக்குச் சொல் பொருள் அறியட்டும். பின்பு ஆசிரியர் ஒன்றும் செய்து காட்டாது, "நீ எப்படி அழைப்பாய்?" என வினவுக. ஒருத்தி தொலைவில் ஆடுபவனை எட்டிப் பார்த்து அழைப்பாள். ஒருத்தி வெண்ணெயைக் காட்டி ஆசை மூட்டுவாள். மற்றொருத்தி கோபித்தாள் போல் முகம் திருப்பிக் கடைக்கண்ணால் நோக்குவாள். ஒருத்தி செய்ததை அடுத்தவள் செய்யலாகாது. தாளம் தவறலாகாது. எடுப்பு வருமுன் தன் கற்பனையை முடித்தல் வேண்டும். அழைக்கச் சொன்னால் காளிங்கன் தலைமேல் ஏறி ஆடிவிடும் குழந்தையும் உண்டு! அதனைச் சிரித்த முகத்தோடு அடியின் பொருளுக்குத் திருப்பிக் கொணர்தல் ஆசிரியர் கடன். நாணி நிற்கும் குழந்தையை வற்புறுத்தலாகாது. நாலு நாள் பார்த்திருந்தால் ஐந்தாம் நாள் தானே கை நீட்டும்.

எட்டு வயதுச் சிறுமிக்கு விரகதாபப் பதங்களைக் கற்பிப்பதை நாம் ஒப்பவில்லை. அறியாத பாவத்தை அவள் எங்கிருந்து எடுப்பாள்? ஆசிரியையின் புருவத்தைப் பார்த்துத் தன் புருவத்தை நெரிப்பாள், அவ்வளவே. அவை வயது வந்தபின் வரட்டும்.

பாடுவோர் வகுப்பில் நேரே இருத்தல் இன்றியமையாதது. பதிவு செய்த பாட்டு, மூன்று முறை என்றால் மூன்று முறையோடு மேலே சென்றுவிடும். குழந்தைக்கு நான்காவது கருத்து தோன்றினாலும் அது காத்திராது. ஆகலின் நட்டுவனார் ஊதியத்தோடு பாடுவோர் ஊதியத்தையும் வரவுசெலவிற் சேர்த்து நிர்வாகிகள் அடுத்த கூட்டத்தில் வைக்குமாறு வேண்டுகிறோம். பழைய பதங்கள் அறிந்த முதிய அம்மையார் எவர் வீட்டிலேனும் இருப்பின் தெரிவியுங்கள். அவர்களை வாரந்தோறும் வண்டி வைத்து அழைத்து வரும் பொறுப்பை நாமே ஏற்கிறோம்.