மணிக்கு முன்னால் நூல்

வீட்டில் உட்கார்ந்தபடியே மணிமாலையோ கைச்சங்கிலியோ கோத்துப் பார்க்க வேண்டும் என்று பலருக்கும் ஆசை வருகிறது. ஆசை வந்தவுடன் கால்கள் கடைக்குப் போகின்றன. அறை அறையாகப் பிரித்த பிளாஸ்டிக் பெட்டி, அதில் நிறத்துக்கு ஒரு பிடி மணி, ஓரத்தில் ஒரு எலாஸ்டிக் நூல்கண்டு, நாலைந்து கொக்கி. தொடங்குகிறவருக்கு வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது என்று சொல்லி விற்கிறார்கள். தொடங்குகிறவர் முதலில் மணியே வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. வீட்டு மேசை அறையிலோ பழைய டப்பாவிலோ அறுந்துபோன மாலை ஒன்று கிடக்கும். அதை எடுத்து, மறுபடி அணியும்படியாகக் கோத்து முடிப்பதுதான் முதல் பாடமாக இருக்க வேண்டும். ஒரு மாலை எத்தனை நாள் உழைக்கும், கழுத்தில் எப்படிப் படியும் என்பதை நூலும் துளையும் முடிச்சும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அந்த மூன்றையும் புதுப் பெட்டி சொல்லித்தருவதில்லை.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. புதுச்சேரிக்குத் தெற்கே ஆற்றோரமாக இருக்கிறது அரிக்கமேடு. 1945-இல் மார்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்த பிறகு ரோமானிய வணிகத்தோடு சேர்த்து உலகம் அறிந்த இடம். கண்ணாடி மணியும் கல் மணியும் அங்கே செய்யப்பட்டன. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரைக் கொடுமணலில், உடைத்த கல், செதுக்கிய கல், தேய்த்த கல், துளையிட்ட கல் என்று வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் நின்றுபோன மணிகள் கிடைத்திருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்தும் மணி கெடவில்லை. கோத்திருந்த நூல்தான் மக்கிப்போய்விட்டது. அதனால் எந்த மணிக்குப் பக்கத்தில் எந்த மணி இருந்தது என்பதை ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஊகிக்கத்தான் வேண்டியிருக்கிறது. மண்ணுக்குள் நடந்தது நம் வீட்டு டப்பாவுக்குள்ளும் நடக்கிறது. மாலை அறுந்தால் மணி உருளும், பொறுக்கி எடுத்துவிடலாம். போனது நூல் மட்டும்தான். அப்படியிருக்க, கற்பவர் கவனத்தை முழுக்க மணி மேல் வைப்பது, உடையாததைக் காப்பாற்ற மெனக்கெடுவதாகும்.

மணி செய்தவர்களுக்கு நூலின் பாடு தெரியாமல் இல்லை. அரிக்கமேட்டில் செய்த சிறு கண்ணாடி மணிகளை எடுத்துக்கொள்வோம். உருக்கிய கண்ணாடியை உள்ளே காற்றிடம் விட்டு நீளமான குழலாக இழுப்பார்கள். ஆறியதும் அந்தக் குழலைத் துண்டு துண்டாக நறுக்குவார்கள். நறுக்கிய விளிம்பு கத்திபோலக் கூராக இருக்கும். அப்படியே கோத்தால் நூலை அறுத்துவிடும். ஆகவே துண்டுகளைச் சாம்பலோடு கலந்து மீண்டும் சூடு காட்டுவார்கள். விளிம்பு மழுங்கி உருண்டுவிடும். சாம்பல் இருப்பதால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாது, துளையும் அடைபடாது. திருப்பதிப் பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் இந்த இழுப்புமுறை நம் காலம்வரை தொழிலாகத் தொடர்ந்து வந்திருக்கிறது. கல் மணியின் கதை வேறு. கடினமான கல்லை ஒரே பக்கத்திலிருந்து துளைத்தால் மறுமுனை சில்லு பெயர்ந்துவிடும் என்பதால் இரண்டு பக்கமிருந்தும் துளைப்பது வழக்கம். இரண்டு துளைகளும் நடுவில் சரியாகச் சந்திக்காவிட்டால் அங்கே ஒரு படி நிற்கும். வெளியே கண்ணாடிபோல மின்னும் மணிக்குள் ஒரு சிறு அரம் இருந்து நூலை ராவிக்கொண்டே இருக்கும். அறுந்த மாலையின் மணி ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் துளைக்குள் பார்த்தாலே குற்றவாளி அநேகமாக அகப்பட்டுவிடும்.

இனி நூல் விஷயத்துக்கு வருவோம். எல்லா மணிக்கும் ஒரே நூல் என்பது புதியவர்கள் செய்யும் முதல் பிழை. முத்துக்கும் பவளத்துக்கும் பட்டு நூலோ முறுக்கிய நைலான் நூலோ ஏற்றது. ஒவ்வொரு மணிக்கும் நடுவில் ஒரு முடிச்சும் விழ வேண்டும். அழகுக்காக மட்டும் அல்ல. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் படிகக்கல் 7-இல் நிற்கிறது; முத்தும் பவளமும் 3, 4 என்ற அளவில்தான் இருக்கின்றன. ஒன்றோடொன்று உரசினாலே அவை மெருகு இழக்கும்; முடிச்சு இருந்தால் உரசாது. நூல் அறுந்தாலும் ஒரு மணிதான் விழும், மாலை முழுதும் சிதறாது. இப்படி முடிச்சிட்டுக் கோக்க, மாலை நீளத்தைப் போல மூன்று மடங்கு நூலையாவது கையில் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். பட்டை தீட்டிய கண்ணாடி மணிக்கும் துளை கரடான கல் மணிக்கும் பட்டு தாங்காது. பிளாஸ்டிக் பூசிய பல இழை எஃகுக் கம்பிதான் தாங்கும். அதில் முடிச்சு நிற்காது என்பதால், கிரிம்ப் என்கிற சிறு உலோகக் குழலைக் குறடால் நசுக்கி நுனியைப் பூட்டுகிறார்கள். மீன்பிடிக்கும் ஒற்றை நரம்பு மலிவு, ஊசியும் வேண்டாம்; ஆனால் முடிச்சு வழுக்கும், நாளாக ஆக விறைத்து முறியும். எலாஸ்டிக்குக்கு நானே வக்காலத்து வாங்குவேன், குழந்தைகளின் கைச்சங்கிலிக்கு மட்டும். கொக்கி வேண்டாம், அளவுக்கும் பயமில்லை. ஆனால் அது தொடக்கம் முதலே தளரத் தொடங்கும் பொருள். கொக்கி மாட்டவும் இழுவிசை பார்க்கவும் அது கற்றுத்தராது. குழந்தை மூன்று வயதுக்கு உட்பட்டதானால் மணியே வேண்டாம், வாய்க்குள் போகும்.

இந்த அறிவு பழைய மாலையைப் பிரிக்கும்போது தானாக வந்து சேர்கிறது. நூலை வெட்டுவதற்கு முன் அடுக்கு வரிசையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். தட்டில் துண்டு விரித்து அதன்மேல் மணியைப் பரப்பினால் உருண்டோடாது. அடுத்தது கணக்கு. மணியின் குறுக்களவு 8 மில்லிமீட்டர், மாலை 40 சென்டிமீட்டர் என்றால் 50 மணி வேண்டும். மணி 4 மில்லிமீட்டரானால் 100. நடுவே முடிச்சு வந்தால் எண்ணிக்கை குறையும். எவ்வளவு என்பது பத்து மணி கோத்து அளந்தால் தெரிந்துவிடும். இழுவிசைதான் கைக்கு வர நாளாகும். விறைப்பாகக் கோத்த மாலை கழுத்தில் குச்சிபோல நிற்கும். தளர்ந்தால் மணிக்கு மணி நூல் பல்லிளிக்கும். கோத்ததைக் கையில் வளைத்துப் பார்த்து, மணிகள் ஒன்றையொன்று நெருக்காமல் திரும்பினால்தான் கொக்கியைக் கட்டலாம்.

இதற்கு எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று தெரியும். புதுசாக ஒன்று படைக்கத்தானே பொழுதுபோக்கு, பழுது பார்ப்பதில் என்ன சுகம் என்பார்கள். பழைய மாலையை அச்சு அசலாக மீட்க வேண்டும் என்று யாரும் கட்டளையிடவில்லை. 43 சிவப்பு மணிதான் கிடைத்தது, இரண்டு தொலைந்தது என்றால் என்ன செய்வது? இடையிடையே கருகமணி சேர்க்கலாம், பின்பக்கம் வெறும் சங்கிலி வைத்துக் குறைக்கலாம், கைச்சங்கிலியும் காதணியுமாகப் பிரித்துவிடலாம். கையிருப்பு குறைவாக இருக்கும்போதுதான் வடிவத்தைப் பற்றி உண்மையில் யோசிக்கிறோம். நூறு நிறம் பரப்பிய பெட்டியின் முன்னால் தேர்வு செய்துகொண்டே இருக்கிறோம், கோப்பதில்லை.

இன்னொரு எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. பழையது என்றால் பாட்டியின் பவளம், கல்யாணத்துக்கு வந்த முத்து. அதில் கை வைத்துக் கெடுத்தால்? கெடுக்கத்தான் வாய்ப்பு அதிகம். விலைமதிப்புள்ளதையும் தாலியோடு சேர்ந்த கருகமணியையும் நகைக்கடைத் தெருவில் கோத்துக் கொடுப்பவரிடமே கொடுத்துவிட வேண்டும். பக்கத்தில் நின்று அவர் விரலைப் பார்ப்பது இலவசப் பாடம். பழகுவதற்குக் கண்ணாடி மணியும் பாசிமணியும் போதும். வீட்டில் அறுந்தது எதுவும் இல்லை என்கிறவர், கோயில் வாசலில் நரிக்குறவர் பெண்கள் விற்கும் மாலை ஒன்றை வாங்கலாம், பேரம் பேசாமல். அவர்கள் நூலை முடிந்திருக்கும் இடத்தை முதலில் நிதானமாகப் பார்த்துவிட்டு, பிறகு பிரிக்கலாம். பழையதில் குன்றிமணி கோத்த மாலை இருந்தால் மட்டும் அதைத் தொட வேண்டாம். அதன் ஓட்டுக்குள் கடும் நஞ்சு இருக்கிறது. ஊசி குத்தும்போது ஓடு உடைகிறது.

இதை விற்றுக் காசு பார்க்க முடியாதா என்று கேட்பவர்களும் உண்டு. ஒரு முத்துமாலையை முடிச்சிட்டு முடிக்கப் புதியவருக்கு ஒரு நாள் மாலைப்பொழுது முழுதும் போகும். கடையில் தொங்கும் மலிவு மாலையின் விலை அந்த நேரத்துக்குக் கூலி தராது. வருமானத்துக்கு வழி இருக்கிறதென்றால் அது பழுது பார்ப்பதில்தான் இருக்கிறது. அறுந்த மாலை எல்லா வீட்டிலும் கிடக்கிறது, கோத்துக் கொடுக்கத்தான் ஆள் குறைவு.

மூன்று நான்கு மாலை மறுபடி கோத்த பிறகு மணிக்கடைக்குப் போகலாம். சிறு மணிகளுக்கு எண் போட்டிருப்பார்கள். எண் ஏற ஏற மணி சிறுக்கும். 11-ஆம் எண் மணி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர், 8-ஆம் எண் 3 மில்லிமீட்டர். கண்ணுக்கும் கைக்கும் 8-தான் முதலில் இதம். ஜப்பானின் ஹிரோஷிமா மாகாணத்தில் செய்யும் மணிகள் அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவாக இருக்கும், விலையும் அதற்கேற்றபடி. செக் நாட்டின் யாப்லோனெட்ஸ் பக்கத்து மணிகளில் சற்று ஏற்றத்தாழ்வு உண்டு. நேர்கோட்டு மாலைக்கு அது உறுத்தாது, தறியில் நெய்வதுபோன்ற பட்டை வேலைக்கு உறுத்தும். எதை எடுத்தாலும், கோக்கப்போகும் நூலில் ஒரு துண்டைப் பையில் கொண்டுபோய், அது துளைக்குள் இரண்டு முறை நுழைகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட்டு வாங்குங்கள்.