கழுத்துச் சீட்டிலிருந்து மனைச் சீட்டு வரை

(பாம்பூஃப்ளாட்டில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தண்டவாளம் ஒரு முழம்கூட இல்லாத ஊருக்கு ஒரு ரயில்வே குமாஸ்தாவைப் பேச அழைத்திருக்கிறீர்கள். தண்டவாளம் இல்லாவிட்டால் என்ன? ரிஜிஸ்தர், பாஸ், மெமோ, ரப்பர் முத்திரை எல்லாம் இங்கேயும் தாராளமாக இருக்கின்றன. அந்தச் சரக்கு எனக்குப் பழக்கமானது. ஆகவே, வெள்ளைக்காரன் இந்தத் தீவில் மக்களுடைய அன்றாட வாழ்க்கையைக் காகிதத்தால் எப்படிக் கட்டி ஆண்டான், அந்தக் கட்டு எவ்வளவு தூரம் அவிழ்ந்திருக்கிறது என்பதைப் பற்றிச் சிறிது பேசுகிறேன்.

அந்தமான் என்று சொன்னவுடன் தாய்நாட்டு மேடைகளில் எல்லோரும் செல்லுலார் ஜெயிலைப் பற்றித்தான் பேசுவார்கள். 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்த அந்தக் கொடுமைக் கூடத்தை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. செக்கிழுத்தவர்களுக்கும் தூக்கில் தொங்கியவர்களுக்கும் நம் வணக்கம் உண்டு. ஆனால் ஜெயில் கட்டுவதற்கு முன்பே, 1858 மார்ச்சில் டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கிய நாளிலிருந்தே, இந்தக் குடியிருப்பு முழுவதுமே ஒரு ஜெயில்தான். சுவர் கிடையாது, கடலே சுவர். உள்ளே இருந்தவர்களைப் பிடித்து நிறுத்தியது சங்கிலியைவிட அதிகமாகச் சீட்டுதான்.

கைதியின் கழுத்தில் ஒரு மர வில்லையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அதில் அவனுடைய எண், எந்தச் சட்டப் பிரிவில் தண்டனை, எந்தத் தேதியில் தண்டனை, எப்போது விடுதலை என்பதெல்லாம் பொறித்திருக்கும். ஒருவன் பெயரைக் கேட்கவே வேண்டியதில்லை. மாட்டுக்குச் சூடு வைத்து அடையாளம் போடுகிறோமே, அதைப் போன்றது. ஆனால் மாட்டுக்குக்கூட விடுதலைத் தேதி எழுதுவது கிடையாது.

1901-ஆம் ஆண்டு வாக்கில் நடப்பிலிருந்த முறையைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். ஒரு கைதி வந்தவுடன் ஆறு மாதம் தனிக் கொட்டடி. பிறகு பதினெட்டு மாதம் கூட்டுச் சிறை. அதன் பிறகு மூன்று ஆண்டு பாரக்கில் அடைப்பு, பகலில் கூலியில்லா உழைப்பு. அதற்கும் பிறகு ஐந்து ஆண்டு உழைப்பு. ஆனால் இப்போது சின்னச் சின்ன மேஸ்திரி வேலை கிடைக்கலாம், கொஞ்சம் காசும் கிடைக்கலாம். இப்படிப் பத்து ஆண்டு நல்ல பெயர் எடுத்தால் ஒரு டிக்கெட் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு அவன் 'செல்ஃப் சப்போர்ட்டர்', அதாவது தன் பிழைப்பைத் தானே பார்த்துக் கொள்பவன். கிராமத்தில் குடிசை போடலாம், பயிர் செய்யலாம், மாடு வளர்க்கலாம், ஊரிலிருந்து மனைவி மக்களை வரவழைக்கலாம், அல்லது இங்கேயே கல்யாணம் செய்து கொள்ளலாம்.

கேட்பதற்கு விடுதலை மாதிரி இருக்கிறதல்லவா? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. இந்தக் 'கொள்ளலாம்' ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மனு, ஒரு விசாரணை, ஒரு கையெழுத்து. குடியிருப்பை விட்டு அவன் வெளியேறக் கூடாது. சும்மா உட்காரக் கூடாது. முதல் மூன்று நான்கு ஆண்டு வீடு, சாப்பாடு, கருவி என்று சர்க்கார் உதவி உண்டு, வரி கிடையாது. அதற்குப் பிறகு உதவி நின்றுவிடும். சுதந்திர மனிதன் கட்ட வேண்டிய வரி அத்தனையும் அவன் தலையில் விழும். வரி கட்டுவதில் மட்டும் அவன் சுதந்திர மனிதன்! இருபது, இருபத்தைந்து ஆண்டு கழிந்தால்தான் முழு விடுதலை என்ற பேச்சே வரும்.

கல்யாணத்தை எடுத்துக் கொள்ளுங்கள். பெண் கைதிகள் தனிச் சிறையில் இருந்தார்கள். ஐந்து ஆண்டு கழிந்த பெண்ணுக்கே திருமண வாய்ப்பு. டிக்கெட் வாங்கிய ஆண் மனுப் போட வேண்டும். ஊரில் இருவருக்கும் ஏற்கெனவே மணமான துணை உண்டா என்று தாய்நாட்டு ஜில்லாவுக்கு எழுதி விசாரிப்பார்கள். பிறகு அதிகாரி சம்மதம், பதிவு. நம் ஊரில் பெண் பார்க்கப் போனால் மாமன், சித்தப்பா, பெரியவர்கள் என்று நாலு பேர் கூட வருவார்கள். இங்கே ஜெயில் அதிகாரியே மாமன், அவரே புரோகிதர். இதிலும் ஒரு வேடிக்கை பாருங்கள். இப்படிச் சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் 'லோக்கல் பார்ன்' என்று நாம் சொல்லும் மக்கள். அவர்களிடத்தில் சாதியின் பிடி தளர்ந்து போயிற்று. சர்க்கார் அதற்குத் திட்டம் எதுவும் போடவில்லை. மனிதர்கள் சேர்ந்து வாழ்ந்ததில் நடந்த காரியம் அது.

கிராமத்துக்கு ஒரு சௌத்ரி, காவலுக்கு ஒரு சௌக்கிதார், கணக்குக்கு ஒரு பட்வாரி. நம் ஊர் மணியக்காரர், தலையாரி, கர்ணம் மாதிரிதான். ஆனால் இங்கே சௌத்ரிக்கு வேலை, யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று மேலே சொல்வது. கைதிகளை மேய்க்கவும் கைதிகளிலிருந்தே டிண்டல், ஜமாதார் என்று பொறுக்கி எடுத்தார்கள். ஏகாதிபத்தியத்துக்கு இது மலிவான முறை. அடிமையைக் கொண்டே அடிமைக்குக் காவல்.

இத்தனை கட்டுப்பாடு இருந்தும் என்ன ஆயிற்று? இதோ, நமக்குப் பக்கத்தில் இருக்கும் ஹோப்டவுன் துறையில்தான் 1872 பிப்ரவரி 8-ஆம் தேதி மாலை வைஸ்ராய் மேயோ பிரபு குத்திக் கொல்லப்பட்டார். ஹாரியட் மலையிலிருந்து - 2021-ல் மணிப்பூர் மலை என்று பெயர் மாற்றிய அதே மலைதான் - இறங்கி வந்து படகில் ஏறும் நேரம். குத்தியவர் ஷேர் அலி. அவர் நல்ல நடத்தைக்காக டிக்கெட் வாங்கியவர். இந்தப் பக்கத்தில் நாவிதராக வேலை பார்க்க அனுமதி பெற்றவர். ரிஜிஸ்தரில் அவர் பெயருக்கு எதிரே குறை எதுவும் இல்லை! காகிதத்தைக் கொண்டு மனிதன் மனத்தை அளந்துவிடலாம் என்று நம்பிய ஆட்சிக்குக் கிடைத்த பதில் அது. அதற்குப் பிறகு கட்டுப்பாடு குறையவில்லை, கூடிற்று. அந்த ஆண்டிலேயே இரண்டு தீவுக் கூட்டங்களையும் சேர்த்து ஒரு சீஃப் கமிஷனர் கையில் கொடுத்தார்கள். 1876-ல் அந்தமான் நிக்கோபார் ரெகுலேஷன் வந்தது.

இந்த 'ரெகுலேஷன்' என்ற சொல்லைக் கவனியுங்கள். மாகாணங்களில் சட்டம் செய்ய, பெயருக்காவது, ஒரு சட்டசபை இருந்தது. அதுகூட வேண்டாம், சில பகுதிகளுக்கு நிர்வாகமே எழுதி, கவர்னர் ஜெனரல் ஒப்புக் கொண்டால் போதும் என்று 1870-ல் லண்டன் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்தது. அந்த வழியில் பிறந்ததுதான் ரெகுலேஷன். யாரையும் கேட்க வேண்டியதில்லை. இந்தத் தீவில் கைதியாக வராமல் வியாபாரத்துக்கோ வேலைக்கோ வந்தவனும் அனுமதியில்லாமல் தங்க முடியாது. நிலம் யாருக்கும் சொந்தமில்லை. லைசென்ஸ் பேரில் அனுபவிக்கலாம், பிடுங்கினால் போக வேண்டும். நல்லவன் கெட்டவன், கைதி குடிமகன் என்ற பேதமே அதில் கிடையாது.

இது அந்தமானுக்கு மட்டும் வந்த சாபம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களில் பலருக்கு மதுரை, ராமநாதபுரம் பக்கம் வேர் இருக்கிறது. அங்கே குற்றப் பரம்பரைச் சட்டம், நம் ஜனங்கள் வாயில் ரேகைச் சட்டம், என்ன செய்தது? ஒரு சாதியில் பிறந்தான் என்பதற்காகக் கைரேகை. இரவானால் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். அடுத்த ஊருக்குப் போக ராதாரிச் சீட்டு வேண்டும். கைரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்த பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி சுட்டுத் தள்ளினார்கள். ஜார்ஜ் ஜோசப், முத்துராமலிங்கத் தேவர், ஜீவா போன்றவர்கள் போராடிய பிறகு 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. அதே சட்டத்தில் மாட்டிய பந்து இன மக்களை வடநாட்டிலிருந்து 1920-களில் இங்கே கொண்டு வந்து ஃபெர்ரார்கஞ்ச் பக்கம் குடியமர்த்தினார்கள். இலங்கைத் தோட்டத்தில் துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது என்று கச்சால் தீவு ரப்பர்த் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த நம் சகோதரர்களின் பாட்டன்மாரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். மதுரையில் ராதாரி, மலைநாட்டில் துண்டு, இங்கே கழுத்துச் சீட்டு. ஒரே கை எழுதியது.

சரி, வெள்ளைக்காரன் போய்விட்டான். ஜப்பான்காரனும் வந்து மூன்றரை ஆண்டு ஆட்டிவைத்துவிட்டுப் போய்விட்டான். 1945-ல் கைதிக் குடியிருப்பு அடியோடு ஒழிந்தது. ரெகுலேஷன் மட்டும் போகவில்லை. அரசியல் சட்டத்தின் 240-ஆவது பிரிவைப் பாருங்கள். இந்தத் தீவுகளுக்கு ஜனாதிபதி ரெகுலேஷன் செய்யலாம். சட்டசபை கிடையாது. 1967-ல்தான் நாம் முதன்முதலாக ஓட்டுப் போட்டு ஒரு எம்.பி.யை அனுப்பினோம், அதுவரை நியமனம். 1966-ஆம் ஆண்டு நில வருவாய், நிலச் சீர்திருத்த ரெகுலேஷன் என்ன சொல்கிறது? தீவின் நிலம் முழுவதும் சர்க்காருடையது. இந்த ரெகுலேஷன் கொடுத்தாலொழிய ஒருவருக்கும் பாத்தியதை இல்லை. அந்த ரெகுலேஷன் பலருக்கு நிலைத்த உரிமை கொடுத்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் எங்கிருந்து தொடங்குகிறது பாருங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எல்லா ரெகுலேஷனும் வேண்டாம் என்று மேடையில் முழங்கினால் கைதட்டுவீர்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆதிவாசிகளைக் காக்க 1956-ல் வந்ததும் ஒரு ரெகுலேஷன்தான். ஜாரவா மக்களுடைய காட்டில் நாம் கால் வைக்கக் கூடாது என்று அது சொல்கிறது. அது சரியான சட்டம். நமக்கு முன்னால் கைதி, கைதிக்கு முன்னால் வெள்ளைக்காரன், எல்லோருக்கும் முன்னால் இந்த மண்ணில் இருந்தவர்கள் அவர்கள். எந்தச் சீட்டும் கொடுக்காமலே அவர்கள் நிலத்தைப் பிடுங்கினார்கள். மனை இல்லாத நம் ஏழைக்கு வழி கேட்கும்போது அவர்கள் காட்டைக் கைகாட்டும் அரசியல்வாதி யாராக இருந்தாலும், தமிழனாகவே இருந்தாலும், அவனை நம்பாதீர்கள்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கரையில் கூலி வேலைக்கும் படகு வேலைக்கும் வந்து, குடிசை போட்டு, பிள்ளை பெற்று, பேரன் பார்த்தவர்களில் இன்னும் மனைக்கு முறையான காகிதம் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். காட்டு நிலத்தில் 1978-க்கு முன் வந்தவர், பின் வந்தவர் என்று ஒரு கோடு கிழித்தார்கள். 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் காட்டு ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்னது. எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் தாம் நிற்கிறோம் என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. கூட்டம் தொடங்குமுன் ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: "சாப் மனசு வைச்சா நடக்கும் தம்பி." எத்தனை முறை மனுக் கொடுத்தீர்கள் அம்மா என்றேன். "மூணு தடவை. நகல் வாங்கலை, கோபிச்சுக்குவாங்க" என்றார்.

தோழர்களே, அந்த அம்மா பேசியது செல்ஃப் சப்போர்ட்டருடைய பாஷை. சாப் மனம் வைத்தால் மாடு, சாப் மனம் வைத்தால் மனைவி என்று வாழ்ந்த காலத்தின் பாஷை. அதை அவர் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த பாஷையை நமக்குக் கற்றுக் கொடுத்துக்கொண்டே இருப்பது அதிகார வர்க்கம்.

ஆகவே வேலை என்ன? மனு இரண்டு பிரதி. ஒன்று அவர்களுக்கு, மற்றதில் தேதியும் முத்திரையும் வாங்கி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். தபால் பதிவு எண்ணைக் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி, என் மனு யார் மேஜையில், எத்தனை நாளாக இருக்கிறது என்று கேளுங்கள். முப்பது நாளில் சொல்லியாக வேண்டும். நானும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன், அதனால் சொல்கிறேன்: எண் போட்ட மனுவைத் தொலைக்க எந்தக் குமாஸ்தாவுக்கும் பயம் உண்டு. எண் இல்லாத மனு காற்றில் போகும். கிராம சபைக்குப் பத்துப் பேர் போனால் பத்துப் பேர் பேச்சு. நூறு பேர் போய், தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னால் அது ஊர்த் தீர்மானம். தாய்மார்கள் கட்டாயம் வர வேண்டும். குடிசைக்குப் போட்ட ரசீதும் ரேஷன் கார்டும் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கூட்டம் முடிந்ததும் வாசல் பக்கம் மேஜை போட்டிருக்கிறார்கள். பழைய ரசீது, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, வாக்காளர் பட்டியல் எண், எது இருந்தாலும் நாளை காலை கொண்டு வாருங்கள். மூலத்தை யாரிடமும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நகல் எடுத்துக் கையில் திருப்பித் தந்துவிடுவோம். சாத்தம் போகும் கடைசிப் படகுக்கு நேரமாகிறது, எனவே இத்துடன் நிறுத்திக் கொள்கிறேன்.