பாட்டை மாற்றுவது யார், வரவு யாருக்கு?

(கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘மூத்த இசைக்கலைஞர்களும் புதிய தலைமுறையும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இதைப் பேச வருகிறவர்கள் வழக்கமாக இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். காலத்துக்கு ஏற்ப மாறாத கலை செத்துப்போகும், பெரியவர்களும் இளைஞர்களின் சத்தத்துக்கு வந்தாக வேண்டும் என்பது ஒரு கட்சி. பீட் போட்டு, ரீமிக்ஸ் செய்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார்கள், அசலை அசலாக விடுங்கள் என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேருமே கேட்க மறக்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த மாற்றத்தை முடிவு செய்வது யார்? மாறிய பிறகு வருகிற காசும் பெயரும் யார் கணக்கில் சேர்கின்றன?

நான் பறை இசைக் கலைஞர்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்பவன். ஆனாலும் இன்று பெரும்பாலும் ஓர் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். 1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் மும்பையில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரையே பிளாக் பேந்தர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆகவே இது நமக்குப் பழைய உறவுதான். தள்ளி நின்று ஒருவர் கதையைக் கேட்டால் நம் வீட்டுக் கதை தெளிவாகத் தெரியும்.

அவர் பெயர் மடி வாட்டர்ஸ். இயற்பெயர் மெக்கின்லி மார்கன்ஃபீல்டு. சின்ன வயதில் ஓடைச் சேற்றில் விளையாடிக்கொண்டே இருந்ததால் பாட்டி வைத்த பட்டப்பெயர் அது. சேறு படிந்தவன் என்று பொருள். நம் ஊர் அக்ரகாரத்து ‘மடி’க்கு நேர் எதிரான மடி. அவர் வளர்ந்தது மிசிசிபி மாநிலத்தில் ஸ்டோவல் என்ற பருத்திப் பண்ணையில். அடிமை முறை சட்டப்படி ஒழிந்துவிட்டது. ஆனால் நிலம் வெள்ளையரிடமே இருந்தது. கறுப்பின மக்கள் அதே நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்து, கடனிலேயே கிடந்தார்கள்.

1941இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக நாட்டார் பாடல்களைச் சேகரிக்க ஒரு குழு அங்கே வந்தது. அதில் ஆலன் லோமாக்ஸ் வெள்ளையர். ஜான் வொர்க் கறுப்பின இசை அறிஞர், ஃபிஸ்க் பல்கலைக்கழகப் பேராசிரியர். பல பத்தாண்டுகளுக்கு இந்தக் கதையில் லோமாக்ஸ் பெயர் மட்டுமே பேசப்பட்டது. வொர்க்கும் அவருடைய பல்கலைக்கழகத் தோழர்களும் எழுதிவைத்த ஆய்வு 2005இல்தான் புத்தகமாக வெளிவந்தது. பாடியவருக்கு என்ன கிடைத்தது? இரண்டு இசைத்தட்டுகளும் 20 டாலரும்.

1943இல் மடி வாட்டர்ஸ் பண்ணையை விட்டு ரயிலேறி சிகாகோவுக்குப் போனார். பகலில் ஆலை வேலை, லாரி ஓட்டுவது. இரவில் பாட்டு. சிகாகோவின் கறுப்பினப் பகுதி மதுக்கூடங்களில் பெருங்கூட்டம், பெரும் இரைச்சல். மரக் கிதாரின் ஒலி அடுத்த மேசைக்குக்கூட எட்டாது. எலெக்ட்ரிக் கிதாரை எடுத்தார். மிசிசிபியில் லோமாக்ஸ் பதிவு செய்த ஒரு பாட்டையே 1948இல் மின்கிதாரோடு திரும்பப் பாடினார். முதலில் அச்சிட்ட தட்டுகள் ஒரே நாளில் விற்றுத் தீர்ந்தன. வாங்கியவர்கள் அவரைப்போலவே தெற்கிலிருந்து பிழைக்க வந்த மக்கள். இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய முதல் மாற்றம் அவராகச் செய்தது. தன் மக்கள் ஊர் மாறி, ஆலைக்குள் போய், வேறு சத்தத்தில் வாழத் தொடங்கியபோது அவரும் கூடவே மாறினார். ‘நாட்டார் கலை’ என்று நாம் பெட்டிக்குள் வைக்கிற எல்லாமே இப்படித்தான் ஓயாமல் மாறி வந்திருக்கிறது.

அடுத்து நடந்தது வேடிக்கை. 1958இல் இங்கிலாந்துக்குப் போகிறார். அங்கிருந்த புளூஸ் ரசிகர்கள் பலர் மனதில் ஒரு படம் இருந்தது: பருத்திக்காட்டுத் திண்ணையில் மரக் கிதாரோடு உட்கார்ந்திருக்கும் ஏழைக் கறுப்பர். இவரோ நல்ல கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு மின்கிதாரை அலறவிட்டார். சத்தம் தாங்கவில்லை, இது அசல் இல்லை என்று எழுதினார்கள். சரி, இவர்களுக்குப் பிடித்ததையே கொடுப்போம் என்று 1963இல் மரக் கிதாரோடு போனார். அதற்குள் அங்கே இளைஞர்கள் அவருடைய பழைய தட்டுகளைக் கேட்டு, மின்கிதார் வாங்கி, குழுக்கள் தொடங்கிவிட்டார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற குழுவின் பெயரே அவருடைய 1950ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து எடுத்தது. அவர்கள் கேட்டார்கள்: எங்கே உங்கள் மின்கிதார்?

ஐந்து வருடத்தில் ‘அசல்’ தலைகீழாகிவிட்டது. இரண்டு முறையும் அசல் எது என்று தீர்ப்புச் சொன்னவர்கள் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்தான். வாசித்தவரை யாரும் கேட்கவில்லை.

1968க்கு வருவோம். அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கறுப்பின இளைஞர்கள் ஜேம்ஸ் பிரவுன், அரீதா ஃபிராங்க்ளின் என்று சோல் இசைக்குப் போய்விட்டார்கள். வெள்ளை இளைஞர்கள் ஜிமி ஹெண்ட்ரிக்ஸையும் பிரிட்டிஷ் ராக் குழுக்களையும் கேட்கிறார்கள். அவருடைய செஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் உரிமையாளரின் மகன் மார்ஷல் செஸ் ஒரு யோசனை சொன்னார்: இவரை ராக் கேட்கும் இளைஞர்களிடம் கொண்டுபோவோம். அப்படி உருவானதுதான் ‘எலெக்ட்ரிக் மட்’ என்ற தொகுப்பு. அதில் அவர் ரோலிங் ஸ்டோன்ஸின் பாட்டு ஒன்றைப் பாடினார். தன் பாட்டிலிருந்து பெயர் எடுத்துக்கொண்ட பிள்ளைகளின் பாட்டை, பிள்ளைகளின் ரசிகர்களுக்காக, அந்தப் பெரியவர் பாட வேண்டியிருந்தது.

விற்பனை மோசமில்லை. விமர்சகர்கள் கிழித்தார்கள். மடி வாட்டர்ஸுக்கும் அது பிடிக்கவில்லை. அவர் சொன்ன காரணம் முக்கியமானது. அந்தத் தட்டில் இருக்கும் கருவிகளும் ஒலியும் அவருடைய சொந்தக் குழுவிடம் கிடையாது. மேடையில் வாசிக்க முடியாத ரெக்கார்டு எதற்கு என்று கேட்டார். மூத்த கலைஞரின் பிழைப்பு மேடையில்தான் ஓடுகிறது. அவரை நம்பி நாலைந்து பேர் வண்டியில் ஏறுகிறார்கள், அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். தட்டைக் கேட்டுவிட்டு வருகிற இளைஞன் மேடையில் அதை எதிர்பார்த்து ஏமாந்து போவான்.

ஆனாலும் இதை ‘வியாபாரிகள் கலையைக் கெடுத்த கதை’ என்று சுருக்கிவிட முடியாது. அந்தத் தட்டில் கிதார் வாசித்த பீட் கோசி, இசையைக் கோத்த சார்லஸ் ஸ்டெப்னி போன்றவர்கள் சிகாகோவின் திறமையான கறுப்பினக் கலைஞர்கள். பிற்காலத்தில் பப்ளிக் எனிமி குழுவின் ராப் பாடகர் சக் டி, இந்தத் தொகுப்பைக் கொண்டாடினார். அதில் வாசித்தவர்களைத் திரும்ப ஒன்று சேர்க்கும் ஆவணப்படம் 2003இல் வந்தது. ஒரு தலைமுறைக்குக் குப்பை, அடுத்த தலைமுறைக்குப் புதையல். அதனால் ஒலியை வைத்து நாம் தீர்ப்பு எழுத வேண்டாம். அந்த அறையில் முடிவு எடுத்தது யார் என்று மட்டும் பார்ப்போம். பாடியவர் எடுக்கவில்லை.

1977இல் ‘ஹார்டு அகெய்ன்’ வந்தது. இதுவும் இளைஞர்களிடம் போகச் செய்த முயற்சிதான். தயாரித்தவர் ஜானி விண்டர் என்ற வெள்ளை ராக் கிதார் கலைஞர், முப்பதுகளில் இருந்தவர், மடி வாட்டர்ஸின் தீவிர ரசிகர். அவர் தன் பாணியைப் பெரியவர் மேல் போர்த்தவில்லை. மடி வாட்டர்ஸின் குழுவினரையும் பழைய கூட்டாளிகளையும் ஒரே அறையில் உட்காரவைத்து, மேடையில் வாசிப்பதுபோல வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். 1955ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்று புது முறுக்கோடு வந்தது. ராக் கேட்கும் இளைஞர்கள் தேடி வந்தார்கள், கிராமி விருதும் கிடைத்தது. தட்டில் இருந்ததை அடுத்த நாளே மேடையில் வாசிக்க முடிந்தது.

இனி காசுக்கு வருவோம். செஸ் சகோதரர்களுக்குப் பங்கு இருந்த பாடல் பதிப்பு நிறுவனத்தின்மேல், ராயல்டி சரியாக வரவில்லை என்று 1970களில் மடி வாட்டர்ஸும் பாடலாசிரியர் வில்லி டிக்சனும் வழக்குப் போட்டார்கள். அது சமரசத்தில் முடிந்தது. டிக்சன் எழுதி, மடி வாட்டர்ஸ் 1962இல் பாடிய பாட்டின் சாயல் லெட் செப்பலினின் புகழ்பெற்ற 1969ஆம் ஆண்டுப் பாட்டில் இருக்கிறது என்று 1985இல் இன்னொரு வழக்கு. அதுவும் சமரசமாகி, டிக்சன் பெயர் பாடலில் சேர்ந்தது. டிக்சன் அதோடு நிற்கவில்லை. மற்றக் கலைஞர்கள் தங்கள் பதிப்புரிமையை மீட்க உதவும் ‘புளூஸ் ஹெவன்’ அறக்கட்டளையைத் தொடங்கினார். இன்று சிகாகோவில் செஸ் நிறுவனத்தின் பழைய கட்டடத்தில் இயங்குவது அந்த அறக்கட்டளைதான். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இது.

இப்போது நம் ஊர். என் களப்பணியில் ஒரு மூத்த பறைக் கலைஞரைத் தெரியும். ஃபைபர் பறை வாங்கியிருக்கிறார். மழையிலும் பனியிலும் தொய்யாது, வைக்கோல் கொளுத்திக் காய்ச்ச வேண்டாம், தூக்கிப் போகவும் சுலபம். ஒரு கல்லூரி விழாவுக்கு அழைத்த மாணவர்கள், படம் எடுக்க நன்றாக இருக்கும், தோல் பறையே கொண்டு வாருங்கள் ஐயா என்று சொல்லியிருக்கிறார்கள். முற்போக்கான பிள்ளைகள்தான். 1958இல் இங்கிலாந்து ரசிகர்கள் செய்ததும் இதுதான். அதே கலைஞரைப் பதிவுக்கூடம் ஒன்றில் அரைநாள் அடிக்கச் சொல்லி, அந்த அடியைப் பாட்டின் அடியில் போட்டுக்கொண்டார்கள். ஒருநாள் கூலி கொடுத்தார்கள். பாட்டில் அவர் பெயர் இல்லை. ஒலி மட்டும் இளைஞர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

அமெரிக்காவுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. மடி வாட்டர்ஸைப் பாடியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இங்கே சாவுக்குப் பறையடிப்பது சாதி விதித்த ஊழியம். அடிக்க மறுத்ததற்காக அடிவாங்கிய ஊர்கள் உண்டு. ஆகவே நம் மூத்த கலைஞருக்கு இன்னோர் உரிமையும் இருக்கிறது: சாவுக்கு அடிக்க மாட்டேன் என்பது, மேடையில் மட்டும் அடிப்பேன் என்பது, பறையைக் கீழே வைத்துவிட்டுப் பேரப்பிள்ளையைப் படிக்கவைப்பது. “கலையைக் காப்பாற்றுங்கள்” என்று அவரிடம் கேட்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கலையை அவர் தலையில் கட்டியது எது என்பது நமக்குத் தெரியும்.

நம்மால் செய்ய முடிந்தவை சில உண்டு. உங்களில் பலர் குறும்படம் எடுக்கிறீர்கள், ராப் எழுதுகிறீர்கள், லேப்டாப்பிலேயே இசை கோக்கிறீர்கள். ஒரு பெரியவரின் குரலையோ அடியையோ எடுத்தால், ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று பொதுவில் போட்டு முடித்துவிடாதீர்கள். அவர் சம்மதத்தோடு பெயரைப் போடுங்கள். 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பதிவான இசை வணிகத்துக்குப் பயன்பட்டால் பாடியவர், வாசித்தவர்களுக்கும் ராயல்டி கேட்கும் உரிமை உண்டு. இதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள், அவருக்குப் புரிகிற தமிழில் ஒப்பந்தம் எழுதுங்கள். வேலை முடிந்ததும் முதலில் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் மாற்றுங்கள். அவர் ஆட்டோட்யூன் கேட்டால் ஆட்டோட்யூன் போடுங்கள், ஃபைபர் பறையோடு வந்தால் ஃபைபர் பறையோடு மேடையேற்றுங்கள். விழாவுக்கு அழைத்தால், சினிமா பாட்டுக் குழுவுக்கு என்ன கொடுப்பீர்களோ அதையே கொடுங்கள்.

இளைஞர்களிடம் எப்படிப் போவது என்று அவர்கள் யோசித்துக்கொள்வார்கள். எல்லாக் காலத்திலும் அவர்கள்தான் யோசித்திருக்கிறார்கள். பெயரும் பங்கும் முடிவெடுக்கும் உரிமையும் அவர்களிடமே இருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை.